அக்கம்பக்கத்து ஈரானியக் கடை, கூடவே வைன் பார்: கபாபைத் தாண்டி என்ன கேட்கலாம்?

வில்லோடேல்_வாசி

நம்மவர்கள் ஈரானியக் கடைக்குப் போய்வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். சோறும் கபாபும் சாப்பிட்டோம், நல்லாத்தான் இருந்தது, ஆனால் உறைப்பே இல்லை, இனிப் போக அவசரமில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த மெனுவில் கபாப் என்பது ஒரு பக்கம்தான், மீதியை யாரும் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

நான் இருப்பது ரொறன்ரோவில், வில்லோடேல் பக்கம். ஃபின்ச் நிலையத்தில் இறங்கி யங் வீதியில் வடக்கே ஸ்டீல்ஸ் வரை நடந்தால் பார்சி எழுத்துப் பலகைகள் வந்துகொண்டே இருக்கும். 1979 புரட்சிக்குப் பிறகு வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இங்கே கடை போட்டு, அப்புறம் ரிச்மண்ட் ஹில் வரை நீண்டுவிட்டார்கள். பாதிக்கு மேல் கபாப் கடைகள். பெரிய கூடம், பளிச்சென்ற விளக்கு, குடும்பம் குடும்பமாக ஆட்கள், பல இடங்களில் மது கிடையாது. இன்னொரு வகையும் இருக்கிறது. சின்ன இடம், பத்துப் பன்னிரண்டு மேசை, ஒரு பக்கம் உயர நாற்காலி போட்ட பார், பின்னால் வைன் போத்தல்கள், சமைப்பவர் நடுவில் வெளியே வந்து தெரிந்த முகங்களோடு கதைத்துவிட்டுப் போவார். இந்த இழை அந்த இரண்டாவது வகையைப் பற்றி. கடைப் பெயர் போடவில்லை. இது ஒரு கடைக்கான விளம்பரம் இல்லை, இப்படிப்பட்ட கடையில் எப்படிச் சாப்பிடுவது என்பதைப் பற்றித்தான் கதைக்க ஆசை.

போய் உட்கார்ந்ததும் சப்ஸி கோர்தன் கேளுங்கள். ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள், புதினா, துளசி வாசமுள்ள ரெய்ஹான், டாரகன், வெங்காயத்தாள், முள்ளங்கி, பக்கத்தில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஊறவைத்த வால்நட்டும். சூடான ரொட்டியைப் பிய்த்து, கட்டி ஒரு துண்டு, இலை இரண்டு மூன்று, வால்நட் ஒன்று என்று சேர்த்துச் சுருட்டிச் சாப்பிட வேண்டியது. இதோடு ஒரு கிளாஸ் வெள்ளை வைன். சாப்பாடு இங்கேதான் தொடங்குகிறது, கபாப் வரும்வரை நேரம் போக்கக் கொடுக்கும் சாலட் என்று நினைத்து ஓரம் தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது ஸெய்தூன் பர்வர்தே. கொட்டை நீக்கிய பச்சை ஒலிவ் காயை அரைத்த வால்நட், மாதுளம் பாகு, பூண்டு, மணக்கும் இலைகள் போட்டுப் பிரட்டி ஊறவைத்தது, கஸ்பியன் கடலோரத்துக் கீலான் மாகாணத்துப் பண்டம். அதே கீலானிலிருந்து மிர்ஸா காசெமி: தணலில் சுட்ட கத்தரிக்காய், நிறையப் பூண்டு, தக்காளி, கடைசியில் முட்டை. புகை வாசம் மூக்கில் ஏறவில்லை என்றால் அந்தக் கடையில் கத்தரிக்காயை ஓவனில் வாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகுதான் சோறு. சோற்றோடு ஒரு கோரேஷ், அதாவது குழம்பு. கட்டாயம் தஹ்திக் கேளுங்கள். அரை வேக்காட்டில் வடித்த அரிசியை எண்ணெயோ வெண்ணெயோ விட்ட சட்டியில் கொட்டி, மூடித் துணி சுற்றித் தம்மில் விடும்போது அடியில் பொன்னிறமாகப் பிடிக்கிற மொறுமொறுப்பான தகடு அது. சில வீடுகளில் அரிசிக்குப் பதில் அடியில் உருளைக்கிழங்கு வில்லையோ லவாஷ் ரொட்டியோ வைப்பார்கள். பானை அடிச்சோற்றுக்கு அண்ணன் தம்பி சண்டை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வந்ததும் தட்டினால் டக்கென்று கேட்க வேண்டும். அதன்மேல் சூடான குழம்பை ஊற்றி, ஊறி இளகுவதற்குள், ஓரம் இன்னும் மொறுமொறுவென்று நடுவில் மட்டும் குழம்பு இறங்கியிருக்கும் அந்த நேரத்தில் கடித்துவிட வேண்டும்.

உங்கள் பகுதியிலும் இப்படிக் கடைகள் இருந்தால் அனுபவத்தை எழுதுங்கள்.

கறிவேப்பிலை

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. நான் சென்னையிலிருந்து வந்து மிஸிசாகாவில் இருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு வெவ்வேறு ஈரானிய இடங்களுக்குக் கூட்டிப் போனார்கள். கூபிதே என்கிற அரைத்த இறைச்சிக் கபாப், ஜூஜே என்கிற கோழிக் கபாப், வெள்ளைச் சோறு, மேலே ஒரு கட்டி வெண்ணெய், சுட்ட தக்காளி ஒன்று. உப்பும் குங்குமப்பூவும் தவிர நாக்கில் எதுவும் படவில்லை. நான் பையிலிருந்து மிளகாய்ப்பொடி எடுக்கிற ஆள் கிடையாது, கேரளா மீன்குழம்பு முதல் ஜப்பான் சாப்பாடு வரை எல்லாம் பிடிக்கும். ஆனாலும் இதில் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. அதுக்கு மேல் வைன் வேறு வைத்தால் பில் எகிறும். இருவருக்கு நூறு டாலர் தாண்டும், அதன்மேல் 13% வரி, அப்புறம் டிப்ஸ். அந்தக் காசுக்கு எனக்கு எது கிடைக்கிறது?

வில்லோடேல்_வாசி

கேள்வி நியாயம். பதில் சற்று நீளும்.

உறைப்பு இல்லாத இடத்தில் ஈரானியச் சமையல் எதை வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். புளிப்பு. அதுவும் ஒரே புளிப்பு கிடையாது. கோர்மே சப்ஸி என்கிற இலைக் குழம்பில் காய்ந்த எலுமிச்சை, ஃபெஸென்ஜான் என்கிற வால்நட் குழம்பில் மாதுளம் பாகு, கபாப் மேல் தூவ சுமாக், சோற்றில் ஸெரெஷ்க் என்கிற குட்டிச் சிவப்புப் பழம், ஆஷ் என்கிற கெட்டிச் சூப் மேல் கஷ்க் என்கிற கடைந்த மோர்க்கட்டி, மேசையில் தயிர், ஊறுகாய். ஒவ்வொன்றும் நாக்கில் வேறு வேறு இடத்தைத் தொடுகிறது. நாம் மிளகாயைத் தேடிக்கொண்டு போனால் இது எதுவுமே கண்ணில் படாது. நீங்கள் சாப்பிட்ட கூபிதேக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பியில் கருஞ்சிவப்புத் தூள் இருந்திருக்கும், அதுதான் சுமாக். அதைக் கொஞ்சமாகத் தூவுவது போதாது, கை தாராளமாகப் போட வேண்டும். பச்சை வெங்காயத்தை ஒரு கடி, கபாப் ஒரு வாய். வெண்ணெயைச் சோறு சூடாக இருக்கும்போதே கிளறிவிட வேண்டும். இதெல்லாம் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, கபாபில் இல்லாததை இவைதான் கொண்டுவருகின்றன.

வைன் இங்கே ஏன் பொருந்துகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. மிளகாய் எரிகிற வாயில் மதுசாரம் பட்டால் எரிச்சல் கூடும், துவர்ப்பு அதிகமுள்ள சிவப்பு வைன் என்றால் இன்னும் மோசம். அதனால்தான் நம் வீட்டு இறைச்சிக் கறியோடு நல்ல போத்தலைத் திறந்தால் இரண்டும் வீணாகிறது. ஈரானியச் சாப்பாட்டில் அந்த எரிச்சல் கிடையாது, புளிப்பும் கொழுப்பும் இலைகளின் வாசமும்தான் இருக்கின்றன. சாப்பாடு புளிப்பாக இருந்தால் வைனிலும் அதற்கு ஈடான புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் வைன் சப்பென்று ஆகிவிடும். நயாகரா பக்கத்து ரீஸ்லிங் வெள்ளை வைன் இங்கே மலிவாகவே கிடைக்கிறது, லேசான இனிப்பும் கூர்மையான புளிப்பும் உள்ளதாகப் பார்த்து ஃபெஸென்ஜானோடு குடித்துப் பாருங்கள். கோர்மே சப்ஸிக்கு நயாகராவின் கபர்னே ஃப்ராங்க் சிவப்பு வைன். அந்த திராட்சையிலேயே ஒரு பச்சிலை வாசம் உண்டு, குழம்பில் இருக்கும் வெந்தயக் கீரையோடு அது சேர்ந்துகொள்கிறது. பர்க் மாதிரி மெல்லிய துண்டுக் கபாபுக்கும் அதுவே போதும், பெரிய கனமான சிவப்பு தேவையில்லை.

காசு பற்றி: தனித் தனியாகக் கபாப் தட்டு வாங்கினால் நீங்கள் சொன்ன தொகை வரும். இரண்டு பேர் மூன்று சின்னத் தட்டு, ஒரு கோரேஷ், ஒரு தஹ்திக், கிளாஸ் கணக்கில் வைன் என்று பகிர்ந்தால் குறையும். வயிறும் நிறையும்.

மார்க்கம்_அக்கா

வில்லோடேல் சொன்ன கோர்மே சப்ஸியைப் பற்றி நானும் கொஞ்சம் எழுத வேணும். இதை முதல் தரம் பார்க்கிறவர்கள் கரும்பச்சை நிறத்தைக் கண்டு பின்வாங்குவார்கள். பார்ஸ்லி, கொத்தமல்லி, தரே என்கிற வெங்காயத்தாள் சாதி இலை, கொஞ்சம் வெந்தயக் கீரை, எல்லாத்தையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் நல்லாக நேரமெடுத்து வதக்குவார்கள். வதக்கலில் அவசரப்பட்டால் குழம்பு புல் வாசம் வீசும். பிறகு ஆட்டிறைச்சி, சிவப்பு பீன்ஸ், காய்ந்த எலுமிச்சை. சரியாக வெந்த குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும், ஈரானிய அம்மாமார் அதைப் பார்த்துத்தான் அடுப்பை நிறுத்துவார்கள். கடையில் வரும்போது எண்ணெய் மிதக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம், நேரம் கொடுத்துச் சமைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

குழம்பில் முழுசாகக் கிடக்கும் அந்தக் கறுத்த எலுமிச்சையைக் கரண்டியால் மெல்ல அமத்துங்கள். உள்ளே இருக்கிற சாறு வெளியே வந்து குழம்பில் கலக்கும். ஆனால் விதையைக் கடித்தால் கசக்கும்.

எங்கட வீட்டில் இவர் குடிப்பதில்லை, பிள்ளைகளும் வருவார்கள். அப்படியான ஆட்களும் வைன் வைத்திருக்கிற கடைக்குத் தாராளமாகப் போகலாம், யாரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. தூக் கேளுங்கள், உப்பும் காய்ந்த புதினாவும் போட்ட மோர், சில கடையில் சோடா மாதிரி நுரைக்கும். கபாபுக்கு அதுதான் ஈரானியர்களே குடிப்பது. ஆனால் ஹலால் வேண்டிய விருந்தாளியைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் முதலே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மது விற்கிற இடத்தில் சிலர் உட்கார மாட்டார்கள், அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சங்கடப்படுத்துவது சரியில்லை.

நூலக_மூலை

எனக்கு ஒரு நெருடல். ஈரானில் மது தடை, இங்கே ஈரானியக் கடையில் வைன் பட்டியல். இது மேற்கு நாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்த மாற்றம் இல்லையா? நாம் ஒரு நாட்டுச் சாப்பாட்டைத் தேடிப் போகும்போது அந்த நாட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்களோ அப்படிச் சாப்பிடுவதுதானே முறை. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் யாராவது வைன் பார் வைத்தால் எனக்கு விநோதமாகத்தான் இருக்கும்.

மண்சாடி

நெருடல் வேண்டாம். தடை வந்தது 1979 புரட்சிக்குப் பிறகு. அந்த மண்ணில் வைன் அதற்கு ஏழாயிரம் ஆண்டு மூத்தது.

ஈரானின் வடமேற்கில், ஸாக்ரோஸ் மலைப்பகுதியில் ஹாஜி ஃபிரூஸ் தெப்பே என்று ஒரு புதிய கற்காலக் குடியிருப்பு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்காரர்கள் 1968-இல் தோண்டியபோது ஒரு மண் வீட்டின் சமையலறை போன்ற அறையில், சுவரோரம் தரையில் பதித்த ஆறு சாடிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் 9 லிட்டர் அளவு கொள்ளும். அதன் உள்ளே ஒட்டியிருந்த படிவை பாட்ரிக் மெக்கவர்ன் குழு ஆராய்ந்து 1996-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். திராட்சையைக் காட்டும் டார்டாரிக் அமிலத்தின் தடயம், கூடவே ஒரு மரப்பிசின். வைன் கெட்டுப் புளித்துப்போகாமல் இருக்கப் பிசின் போட்டிருக்கிறார்கள். காலம் கி.மு. 5400 முதல் 5000 வரை. அப்போது உலகிலேயே பழைய வைன் தடயம் அதுதான். 2017-இல் ஜார்ஜியாவில் கி.மு. 6000 அளவிலான தடயம் கிடைத்து அந்த இடம் மாறியது. அதுவும் தூரமில்லை, அதே மலைத்தொடர்களின் அக்கம்பக்கம்.

பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸ் 14-ஆம் நூற்றாண்டில் ஷிராஸில் இருந்து எழுதிய கவிதைகளில் மதுவும் மதுக்கடையும் வராத பக்கம் குறைவு. ஞானத்தைத்தான் மது என்கிறார் என்று ஒரு கூட்டமும், மது என்றால் மதுதான் என்று இன்னொரு கூட்டமும் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய ஈரானிலும் ஆர்மேனியர், யூதர், பழைய பாரசீக மதத்தவரான ஸொராஸ்ட்ரியர் தங்கள் தேவைக்கு வைன் செய்துகொள்ளச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஆகவே ரொறன்ரோவில் ஒரு ஈரானியர் வைன் பார் திறந்தால் மேற்கிடம் கடன் வாங்கினார் என்று சொல்ல முடியாது. சொந்த ஊரில் திறக்க முடியாததை அவர் இங்கே திறக்கிறார். அதில் ஒரு வேதனையும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு நாம் சாப்பிடக்கூடாது என்பது என் எண்ணம்.

ஒரு தகவல் மட்டும். ஆஸ்திரேலிய ஷிராஸ் போத்தலை 'ஈரானிய வைன்' என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரபணுச் சோதனையில் அந்த திராட்சை பிரான்ஸின் ரோன் பகுதியைச் சேர்ந்தது என்று 1990-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர் வைன் வேண்டுமானால் ஆர்மேனியாவின் அரெனி, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குச் சிவப்பு, ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த சாடியில் தோலோடு ஊறவிட்டுச் செய்யும் ஆரஞ்சு நிற வைன், இவற்றைக் கேளுங்கள். அந்த ஆரஞ்சு வைனும் வால்நட்டும் சேர்ந்தால் நான் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

ஃபின்ச்லி_தம்பி

லண்டனிலிருந்து ஒரு குரல். இங்கே வட லண்டனில் ஃபின்ச்லி பக்கமும் மேற்கே கென்சிங்டன் பக்கமும் ஈரானியக் கடைகள் நிறைய. வாசலிலேயே ஓடு பதித்த களிமண் அடுப்பு, அதில் மாவை அறைந்து ரொட்டி எடுப்பதை நின்று பார்க்கலாம். பல கடைகளுக்கு மது உரிமம் கிடையாது, நாமே போத்தல் கொண்டுபோகலாம், சிலர் திறந்து தருவதற்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் அதுவும் வாங்குவதில்லை. அதனால் எங்களுக்குக் காசுப் பிரச்சனை அவ்வளவு இல்லை. ரொறன்ரோவில் இது முடியுமா?

ஆனால் நான் எழுத வந்தது திஸி பற்றி. யாருமே சொல்லவில்லையே! ஆளுக்கொரு சின்ன மண் அல்லது கல் சட்டியில் ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, காய்ந்த எலுமிச்சை, கொஞ்சம் கொழுப்பு, எல்லாம் போட்டு மணிக்கணக்கில் வேகவிட்டது. சட்டியோடு மேசைக்கு வரும், கூடவே ஒரு வெறும் கிண்ணமும் ஒரு இரும்பு உலக்கையும். முதலில் துணியால் சட்டியைப் பிடித்துச் சாய்த்து ரசத்தை மட்டும் கிண்ணத்தில் வடிக்க வேண்டும். சங்கக் ரொட்டியை (சூடான கூழாங்கற்கள் மேல் போட்டுச் சுடுவது, அடியில் பள்ளம் பள்ளமாக இருக்கும், எப்போதாவது ஒரு கல் ஒட்டிக்கொண்டே வந்துவிடும், பார்த்துக் கடியுங்கள்) பிய்த்து அந்த ரசத்தில் போட்டு ஊறவிட்டுக் கரண்டியால் சாப்பிடுவது முதல் சுற்று. பிறகு சட்டியில் மீந்த இறைச்சி, கடலை, கிழங்கை உலக்கையால் நாமே மசிய இடித்து, பச்சை வெங்காயமும் ஊறுகாயும் இலைகளும் வைத்து ரொட்டியில் சுருட்டிச் சாப்பிடுவது இரண்டாம் சுற்று. அவசரமாகச் சாப்பிட முடியாத சாப்பாடு. ஞாயிறு மதியத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இதற்கு வைன் வேண்டாம், தூக் அல்லது தேநீர்தான்.

வில்லோடேல்_வாசி

தம்பி, நல்ல காலம் நீங்கள் வந்தீர்கள். திஸி இங்கேயும் உண்டு, ஆனால் வைன் பார் வகைக் கடையில் குறைவு. பெரும்பாலும் மதியம் மட்டும், சில இடத்தில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

போத்தல் கொண்டுபோவது பற்றி: ஒன்ராறியோவில் 2005 முதல் அதற்கு அனுமதி இருக்கிறது. ஆனால் மது உரிமம் உள்ள கடையாக இருந்து, அவர்கள் அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய, திறக்காத வைன் போத்தல்தான் செல்லும், வீட்டில் செய்தது கூடாது. திறந்து தரக் கட்டணம் வாங்குவார்கள், அது கடைக்குக் கடை மாறும், ஆகவே மேசை பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத கபாப் கடைக்குப் போத்தலோடு போய் நின்று அவர்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். முடிக்காத போத்தலைச் சில கடையில் திரும்ப மூடித் தருவார்கள், வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

சைவம்_மட்டும்

இந்த இழையில் எனக்கு இடம் உண்டா? மெனு பார்த்தால் எல்லாம் ஆடும் கோழியுமாக இருக்கிறது. முட்டையும் சாப்பிடமாட்டேன், பால் பொருள் சரி. பிறந்தநாளுக்கு நண்பர்கள் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வில்லோடேல்_வாசி

நிச்சயம் உண்டு, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். சப்ஸி கோர்தனும் ஸெய்தூன் பர்வர்தேயும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கஷ்கே பாதெம்ஜான் கேளுங்கள், வதக்கி மசித்த கத்தரிக்காய், மேலே கஷ்க், பொரித்த வெங்காயம், எண்ணெயில் பொரித்த காய்ந்த புதினா. அந்தப் புதினாவின் வாசம்தான் அந்தத் தட்டின் உயிர். மிர்ஸா காசெமியில் முட்டை இருக்கிறது, கூகூ சப்ஸி முழுக்க முட்டைதான், தஹ்சின் என்கிற மஞ்சள் சோற்றுக் கேக்கிலும் முட்டையும் தயிரும் சேர்ப்பார்கள், பெரும்பாலும் உள்ளே கோழியும் இருக்கும். இவை வேண்டாம். பொரானி என்கிற கீரைத் தயிர் நல்லது. மூசீர் போட்ட தயிர் அதைவிட நல்லது, மலையில் விளையும் ஒரு சின்ன வெங்காய வகையைக் காயவைத்து ஊறப்போட்டுத் தயிரில் கலப்பது.

ஆஷே ரெஷ்தேயில் கவனம். நூடுல்ஸ், பயறு வகைகள், கீரை, மேலே கஷ்க் எல்லாம் சைவமாகத்தான் தெரியும், ஆனால் சில சமையலறையில் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். சோற்றில் ஸெரெஷ்க் போலோவைக் கோழி இல்லாமல் தரச் சொல்லலாம். குழம்புகளில் இறைச்சியை ஒதுக்கிவிட்டுத் தருகிறோம் என்றால் சம்மதிக்க வேண்டாம், அந்தச் சாறு ஏற்கெனவே இறங்கியிருக்கும். சில கடைகள் இறைச்சியே போடாமல் தனியாக ஃபெஸென்ஜான் செய்கிறார்கள், முதல் நாள் கூப்பிட்டுக் கேட்டால் பலன் உண்டு.

கறிவேப்பிலை

போய்வந்தேன். வில்லோடேல் சொன்ன மாதிரியே கபாப் பக்கத்தைத் தொடாமல் சாப்பிட்டேன், மனைவியும் வந்தாள்.

கபாப் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, அது வேறு விஷயம். ஃபெஸென்ஜானைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வந்தபோது கறுப்பாக, கெட்டியாக, பார்க்க ஒன்றுமே இல்லை. முதல் கரண்டியில் இனிப்பு, அடுத்த நொடி புளிப்பு, அப்புறம் வால்நட்டின் எண்ணெய்க் கனம், கடைசியில் லேசாக ஒரு துவர்ப்பு. இவ்வளவும் மிளகாய் இல்லாமல். பார்காரர் ஒரு ரீஸ்லிங் ஊற்றினார், குடித்ததும் வாய் கழுவிவிட்ட மாதிரி ஆகி அடுத்த கரண்டி மறுபடி முதல் கரண்டியாக இருந்தது. அரைத்த வால்நட்டை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே மணிக்கணக்கில் வேகவைக்கிறார்களாம், எண்ணெய் கக்கி நிறம் மாறினால்தான் மாதுளம் பாகு சேர்ப்பது அந்தச் சமையலறை வழக்கமாம். கீலான் பக்கம் புளிப்பாகவும் தெஹ்ரான் பக்கம் இனிப்பாகவும் செய்வார்கள், உங்களுக்கு எது என்று கேட்டார். அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்தது.

பில்லில் ஒரு விஷயம். இதே வீதியில் முன்பு போன இன்னொரு இடத்தில் டிப்ஸை அவர்களே சேர்த்துவிட்டு, கார்டு மெஷினில் மறுபடியும் 18%, 20% என்று கேட்டார்கள். எங்கே போனாலும் ரசீதை வாசித்துவிட்டுக் கார்டைத் தட்டுங்கள். இந்தக் கடையில் அப்படி எதுவும் இல்லை.

மார்க்கம்_அக்கா

கேட்கச் சந்தோசமாக இருக்கு. தங்கச்சி குடும்பம் லண்டனில் இருந்து வருது, எட்டுப் பேர், சனிக்கிழமை இரவு. பாதிப் பேர் குடிப்பினம், பாதிப் பேர் இல்லை, இரண்டு பேர் கபாப் இல்லாமல் எழும்ப மாட்டினம். எப்படிச் சொல்லி எடுக்கிறது?

வில்லோடேல்_வாசி

அக்கா, எட்டுப் பேர் என்றால் இந்த மாதிரிச் சின்னக் கடையில் இரண்டு மேசையை இணைக்க வேண்டும், வாரத் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள். மார்ச் 20 ஒட்டிய நவ்ரூஸ் என்கிற ஈரானியப் புத்தாண்டு வாரமும், டிசம்பர் 20, 21-இல் வரும் யல்தா என்கிற ஆண்டின் மிக நீண்ட இரவும் என்றால் இடமே கிடைக்காது. யல்தாவுக்கு மாதுளையும் தர்பூசணியும் வைத்து இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

சின்னத் தட்டுகள் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகச் சொல்லி நடுவில் வையுங்கள். கோர்மே சப்ஸி ஒன்று, ஃபெஸென்ஜான் ஒன்று, பகாலி போலோவோடு ஆட்டுக்கால் ஒன்று. பகாலி என்பது பெரிய அவரைப் பருப்பும் டில் இலையும் போட்ட சோறு, ஆட்டுக்கால் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வர வேண்டும். கபாப்காரர்களுக்கு ஒரு சொல்தானி, அதில் பர்க் ஒன்றும் கூபிதே ஒன்றும் சேர்ந்து வரும். கூபிதே வரும்போது மேலே பாருங்கள், சமைப்பவர் விரலால் அழுத்திய தடம் வரிசையாக இருக்கும். அரைத்த இறைச்சியும் துருவிப் பிழிந்த வெங்காயமும் நன்றாகப் பிசைந்து அகலக் கம்பியில் கையால் அப்பியது என்றால் அப்படித்தான் இருக்கும், எல்லாத் துண்டும் ஒரே அச்சில் வழவழவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தஹ்திக் நான்கு பேருக்கு ஒன்று போதும் என்று கடையில் சொல்வார்கள், போதாது.

குடிப்பவர்களுக்கு ரீஸ்லிங் ஒரு போத்தல், கபர்னே ஃப்ராங்க் ஒரு போத்தல். கார் ஓட்டுபவர் யார் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஒன்ராறியோவில் இரத்தத்தில் மதுசாரம் 0.05 சதவீதம் தொட்டாலே அந்த இடத்திலேயே லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், 21 வயதும் அதற்குக் கீழும் என்றால் ஒரு சொட்டும் கூடாது. எல்லோரும் குடிப்பதானால் ஃபின்ச் நிலையத்திலிருந்து உங்கள் பக்கம் 53 ஸ்டீல்ஸ் கிழக்கு பஸ் இருக்கிறது.

பில் வரும்போது உரிமையாளர் தெரிந்தவர் என்றால் 'வேண்டாம், இருக்கட்டும்' என்பார். அது மரியாதைக்குச் சொல்வது, எடுத்துக்கொண்டு எழும்பிவிடக் கூடாது, வற்புறுத்திக் கட்ட வேண்டும். கடைசியில் தேநீரும் பஸ்தனியும் சொல்லுங்கள், குங்குமப்பூவும் பன்னீரும் பிஸ்தாவும் போட்ட ஐஸ்கிரீம், நடுவில் உறைந்த பாலாடைத் துண்டு பல்லில் படும். பிள்ளைகள் ஃபாலூதேயையும் கேட்பார்கள், மெல்லிய நூல் சேமியா பாதி உறைந்த பன்னீர்ப் பாகில், மேலே எலுமிச்சைச் சாறு.

சைவம்_மட்டும்

பிறந்தநாள் நன்றாக நடந்தது, கஷ்கே பாதெம்ஜானுக்கு நண்பர்கள் என்னோடு போட்டி போட்டார்கள். கோர்மே சப்ஸியை இறைச்சி இல்லாமல் வீட்டில் செய்து பார்க்க ஆசை. அந்தக் காய்ந்த எலுமிச்சை எங்கே வாங்குவது, அப்படியே போட்டால் போதுமா?

மார்க்கம்_அக்கா

யங் வீதி ஈரானியப் பலசரக்குக் கடைகளில் பை பையாக இருக்கும். கறுப்பும் இருக்கும், வெளிர் பழுப்பும் இருக்கும், கசப்புக்குப் பயமென்றால் வெளிர் நிறத்தை எடுங்கள். அங்கேயே நறுக்கிக் காயவைத்த கோர்மே சப்ஸி இலைப் பையும் விற்கும், ஆனால் பச்சை இலை கிடைக்கிற காலத்தில் அதைத் தொட வேண்டாம். எலுமிச்சையைக் கழுவி, வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். இரண்டாய் உடைத்து விதையைத் தட்டிவிட்டால் இன்னும் நல்லது. தொடக்கத்திலேயே போடாதீர்கள், பீன்ஸ் முக்கால் பதம் வெந்த பிறகு போட்டுச் சின்னத் தணலில் விடுங்கள். இறைச்சி இல்லாததால் காளானோ கத்தரிக்காயோ வதக்கிச் சேர்க்கலாம், எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். இறக்கி ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், அடுத்த நாள் இன்னும் ருசி.